மாத்திரை மட்டும் போதுமா? மனநோயில் இருந்து மீண்டவர்களை வேலைக்கு அனுப்பும் தொண்டு நிறுவனங்கள்: காங்கேயத்தில் இருப்பவர்கள் எங்கே போவது, என்ன கேட்பது?

காங்கேயத்தில் வேலைக்குப் பஞ்சம் இல்லை. களத்தில் தேங்காய் உடைக்க ஆள் வேண்டும், எண்ணெய் மில்லில் மூட்டை தூக்க ஆள் வேண்டும், அரிசி ஆலையிலும் ஆள் வேண்டும். வெள்ளகோவில் பக்கம் போனால் விசைத்தறி, திருப்பூர் பக்கம் போனால் பனியன் கம்பெனி. உடம்பில் தெம்பு இருந்தால் வாரச் சம்பளம் கைக்கு வந்துவிடும் ஊர் இது.

ஆனால் மனநோய் வந்து, சிகிச்சை எடுத்து, தேறி வீடு திரும்பிய ஒருவருக்கு இதே ஊரில் வேலை கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. "அவனை மிஷின் பக்கம் விட முடியுமாங்க?", "மறுபடியும் அப்படி ஆயிட்டா யாருங்க பொறுப்பு?" இந்த இரண்டு கேள்விகளிலேயே பல பேரின் வாழ்க்கை நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில்தான் தொண்டு நிறுவனங்கள் உள்ளே வருகின்றன. தெரபி ஒரு பக்கம், வேலைக்கான உதவி இன்னொரு பக்கம் என்று இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் அமைப்புகள் தமிழ்நாட்டில் 40 ஆண்டுகளாக இருக்கின்றன. அவை என்ன செய்கின்றன? திருப்பூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் யாரை அணுகலாம்? ஒரு இல்லத்தில் ஆளைச் சேர்க்கும் முன் என்ன பார்க்க வேண்டும்? சட்டம் என்ன உரிமை கொடுக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

யாருக்கான உதவி இது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. பிறவியிலேயோ சிறு வயதிலேயோ மூளை வளர்ச்சி பாதிக்கப்படுவது அறிவுசார் குறைபாடு. மனநோய் அப்படி இல்லை. நன்றாகப் படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவருக்கும் வரலாம். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, தீவிர மனச்சோர்வு போன்றவை இதில் வரும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. அந்த ஆய்வு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் சிகிச்சைக்கே வரவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

ஏன் வருவதில்லை? ஒன்று, அது நோய் என்றே தெரிவதில்லை. "காத்து கருப்பு பட்டிருக்கும்", "யாரோ செஞ்சு வெச்சுட்டாங்க" என்று முதல் ஓரிரு வருடம் கோயில், மந்திரம் என்று ஓடிவிடுகிறது. இரண்டு, வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும், வேலை போய்விடும் என்ற பயம்.

குணமாகுமா?

குடும்பத்தினர் முதலில் கேட்பது இதைத்தான். மனநோய்களில் கடுமையானதாகக் கருதப்படும் மனச்சிதைவு நோய்க்கே இதற்கு நம்பிக்கை தரும் பதில் இருக்கிறது. அந்தப் பதில் சென்னையில் இருந்தே வந்தது.

1981-ல் தொடங்கிய 'மெட்ராஸ் நெடுங்கால ஆய்வு', முதல்முறை மனச்சிதைவு வந்த 90 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களை 20 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தது. இடைவெளியே இல்லாமல் நோயாளியாகவே இருந்தவர்கள் அதில் மிகச் சிலர்தான். பெரும்பாலானவர்களுக்கு நோய் வந்தது, அடங்கியது, சிலருக்குத் திரும்ப வந்தது. நடுவே அவர்களில் பலர் வேலை பார்த்தார்கள், குடும்பம் நடத்தினார்கள்.

சர்க்கரை நோயாளி தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. மனநோய்க்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான்.

அப்படியானால் மாத்திரை போதாதா?

போதாது. மாத்திரை இல்லாமலும் முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காதில் குரல் கேட்பது, வீண் சந்தேகம், தூக்கமின்மை, ஆவேசம் போன்றவற்றை மருந்து அடக்கும். ஆனால் நோய் வந்த காலத்தில் கைவிட்டுப்போன சில விஷயங்களை மருந்து திருப்பித் தராது. காலையில் நேரத்துக்கு எழுவது, குளித்துக் கிளம்புவது, நாலு பேரிடம் பேசுவது, சொன்ன வேலையை நினைவில் வைத்து முடிப்பது, கையில் வரும் காசைக் கணக்காகச் செலவழிப்பது என்று எல்லாவற்றையும் பழகி எடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் மறுவாழ்வுப் பணி.

தெரபி என்ற பெயரில் தொண்டு நிறுவனங்களில் பொதுவாக நடப்பவை இவை:

- தனிநபர் ஆலோசனை: உளவியலாளர் ஒருவர் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ உட்கார்ந்து பேசுவார். பயம், குற்ற உணர்வு, 'எல்லாரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்' போன்ற எண்ணங்களை எப்படிக் கையாள்வது என்று சொல்லிக்கொடுப்பார்.
- குழுக் கூட்டம்: ஒரே மாதிரி பாதிப்பு இருந்தவர்கள் கூடிப் பேசுவது. 'நமக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணம் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.
- குடும்ப ஆலோசனை: நோய் என்ன, மருந்து ஏன் தேவை, எந்த அறிகுறி வந்தால் உஷாராக வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்வது.
- பழக்கப் பயிற்சி: பஸ் ஏறுவது, கடைக்குப் போய் வாங்கி வருவது, ஏடிஎம்மில் பணம் எடுப்பது, வேலை கேட்டுப் போய்ப் பேசுவது.
- தொழில்வழி சிகிச்சை: தையல், பேக்கரி, தோட்டம், காகிதப் பை போன்ற வேலைகள் மூலமாகக் கவனத்தையும் கைப்பழக்கத்தையும் மீட்பது.

இதில் குடும்ப ஆலோசனையைப் பலர் வெட்டி வேலை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆனால் வீட்டில் ஓயாமல் குத்திப் பேசுவதும், ஒரேயடியாகப் பொத்திப் பொத்திப் பார்ப்பதும் நோய் திரும்ப வருவதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது லண்டனில் 1950, 60-களில் நடந்த ஆய்வுகளில் தொடங்கிப் பல நாடுகளில் உறுதியான விஷயம். "தண்டமா உக்காந்து திங்கறான்" என்ற ஒரு வார்த்தைக்கு மருத்துவத்திலும் விலை இருக்கிறது.

தமிழ்நாட்டில் இது எப்படி ஆரம்பித்தது?

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர் டாக்டர் எம்.சாரதா மேனன். 1794-ல் தொடங்கப்பட்ட பழமையான அரசு நிறுவனமான கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமை வகித்தவர். ஓய்வுக்குப் பிறகு 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். சிகிச்சை, ஆராய்ச்சி, பகல்நேர மறுவாழ்வு மையம், தொழிற்பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் என்பது அதன் வழி. 1992-ல் பத்மபூஷண் பெற்ற அவர், 2021 டிசம்பரில் காலமானார்.

1992-ல் மதுரையில் டாக்டர் சி.ராமசுப்பிரமணியன் 'எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை மற்றும் ஆராய்ச்சி நிறுவன'த்தைத் தொடங்கினார். தென் மாவட்டங்களில் மனநல மறுவாழ்வு என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர்களில் இதுவும் ஒன்று.

1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் சென்னைத் தெருவில் மனநோயோடு தவித்த ஒரு பெண்ணுக்கு உதவப் போனார்கள். அவரைச் சேர்த்துக்கொள்ள இடமே கிடைக்காத அனுபவத்தில் பிறந்ததுதான் 'தி பான்யன்'. வீடற்று, மனநோயோடு தெருவில் இருக்கும் பெண்களை மீட்டு, சிகிச்சை கொடுத்து, குடும்பத்தைக் கண்டுபிடித்து அனுப்புவது இதன் ஆரம்பகால வேலை.

ஆனால் எல்லோருக்கும் திரும்பிப் போக வீடு இருக்காது. சிலரைக் குடும்பம் ஏற்காது, சிலருக்குப் போக விருப்பம் இருக்காது. அவர்களுக்காக 2015-ல் பான்யன் தொடங்கிய திட்டம் 'ஹோம் அகெய்ன்'. சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு, அதில் நாலைந்து பேர், துணைக்கு ஒரு உதவியாளர். சமைப்பதும் கடைக்குப் போவதும் வேலைக்குப் போவதும் அவர்களே. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட சமூக மனநல சேவை வழிகாட்டியில் முன்னுதாரணங்களில் ஒன்றாக இந்தத் திட்டமும் இடம்பெற்றது.

வேலைக்கான உதவி எப்படி நடக்கிறது?

இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி பழையது: 'முதலில் பயிற்சி, பிறகு வேலை'. இல்லத்திலேயே தொழிற்கூடம் இருக்கும். அங்கே மெழுகுவத்தி, காகிதப் பை, தையல், ரொட்டி என்று செய்து, ஊக்கத்தொகை கிடைக்கும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் தொழில்வழி சிகிச்சை மையத்திலும் இதே முறைதான். பாதுகாப்பானது. ஆனால் பல பேர் அந்தக் கூடத்தைத் தாண்டி வெளியே வருவதே இல்லை என்பது இதன் குறை.

இரண்டாவது வழி 1990-களில் அமெரிக்காவில் உருவானது: 'முதலில் வேலை, பிறகு பயிற்சி'. ஆளின் விருப்பத்தைக் கேட்டு, நேராக வெளி நிறுவனத்தில் வழக்கமான சம்பளத்துக்குச் சேர்த்துவிடுவார்கள். பிறகு ஒரு வேலை ஆலோசகர் கூடவே இருந்து கைகொடுப்பார். மேற்பார்வையாளரிடம் பேசுவார், பிரச்சினை வந்தால் தீர்ப்பார், சிகிச்சைக் குழுவோடும் தொடர்பில் இருப்பார். தொடர்ந்து வேலையில் நிற்பவர்களின் எண்ணிக்கை இந்த முறையில் கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நம் ஊரில் இன்னொரு விஷயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே எல்லா வேலையும் கம்பெனி வேலை இல்லை. இரண்டு ஆடு, ஒரு மாடு, வீட்டோடு ஒரு பெட்டிக்கடை, அப்பாவின் தறியில் பாவு ஓட்டுவது, தோட்டத்தில் தண்ணி கட்டுவது இதெல்லாம் வேலைதான். நல்ல அமைப்பு என்றால் ஆளின் வீட்டில் ஏற்கெனவே என்ன தொழில் இருக்கிறது என்று முதலில் கேட்கும். ஆடு மேய்த்துப் பழகியவருக்கு மெழுகுவத்தி செய்யச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

கிராமத்தில் இது சாத்தியமா?

சாத்தியம் என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2014-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரா என்று மூன்று இடங்களில் மனச்சிதைவு பாதித்த 282 பேரை வைத்து நடந்தது. தமிழ்நாட்டில் இதை நடத்தியது ஸ்கார்ஃப்.

பெரிய படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டுக்கே அனுப்பினார்கள். மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது, குடும்பத்திடம் பேசுவது, வேலைக்கும் அரசு உதவிக்கும் வழிகாட்டுவது அவர்கள் பொறுப்பு. மருத்துவரை மட்டும் பார்த்தவர்களைவிட, இந்த வீட்டு உதவியும் கிடைத்தவர்கள் ஓரளவு கூடுதலாகத் தேறினார்கள். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஊருக்கு ஒரு மனநல மருத்துவர் கிடைக்காத நாட்டில் அந்த 'ஓரளவு' பெரிய விஷயம்.

காங்கேயத்தில் இருப்பவர்கள் எங்கே தொடங்கலாம்?

தனியார் இல்லத்தைத் தேடும் முன், அரசு வழியில் தொடங்குவது செலவில்லாதது, பாதுகாப்பானது.

1. மாவட்ட மனநலத் திட்டம்: ஒரு மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட குழு. மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளுக்கு முறை வைத்துப் போவார்கள். காங்கேயம் அரசு மருத்துவமனையில் எந்த நாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து இலவசம்.

2. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூரும் ஒன்று. கோவை போனால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

3. அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையம்: வீடற்ற மனநோயாளிகளுக்காக அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் மையங்கள் இவை. தமிழ்நாட்டில் முதற்கட்டமாகத் தொடங்கப்பட்ட ஐந்து மாவட்டங்களில் திருப்பூரும் உண்டு.

4. தொலைபேசி: 14416. 'டெலி மானஸ்' என்ற மத்திய அரசுத் திட்டத்தின் எண். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில் தொடங்கியது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கொங்கு வட்டாரத்தில் சாலையோரம் கைவிடப்பட்டவர்களை மீட்கும் அமைப்புகளும் இருக்கின்றன. கோவையில் 'ஈரநெஞ்சம்', ஈரோடு பகுதியில் யாசகம் பெறுவோரை மீட்டு மறுவாழ்வு தரும் 'அட்சயம்' ஆகியவை உதாரணம். ஆனால் மீட்பு வேறு, நீண்டகால மனநல மறுவாழ்வு வேறு. எந்த அமைப்பு எதைச் செய்கிறது என்று கேட்டுவிட்டு அணுகினால் அலைச்சல் மிச்சம்.

ரோட்டில் திரிபவரைப் பார்த்தால் என்ன செய்வது?

பஸ் ஸ்டாண்டிலோ சிவன்மலை அடிவாரத்திலோ அழுக்குத் துணியோடு தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிபவரைப் பார்க்கிறோம். சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதற்கு மேல் செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 100-ன்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது அந்த எல்லைக் காவல் நிலையத்தின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால், காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். எனவே நீங்கள் செய்ய வேண்டியது, காவல் நிலையத்துக்கோ 108-க்கோ தகவல் சொல்வது. வண்டியில் ஏற்றி ஏதோ ஒரு இல்லத்தில் இறக்கிவிட்டு வருவது நல்ல எண்ணமாக இருந்தாலும் சரியான வழி அல்ல.

இல்லத்தில் சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தப் பகுதியை அவசரமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள். தமிழ்நாடு இதில் பட்ட பாடு கொஞ்சமல்ல.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்களில் பலர், வேறு வழி தெரியாத குடும்பத்தினர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்த பிறகுதான் நாடு முழுவதும் இப்படிப்பட்ட இடங்கள் மீது கண் விழுந்தது.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிய ஆசிரமம் ஒன்றில், சேர்த்த ஆளைக் காணவில்லை என்ற புகாரில் ஆரம்பித்து, உரிய அனுமதி இல்லாமல் இயங்கியது வரை வெளியே வந்தது. 140-க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து மாற்றப்பட்டனர். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

ஆகவே, எந்த இடமாக இருந்தாலும் இவற்றைக் கேளுங்கள்:

- மாநில மனநல ஆணையத்தில் பதிவு உள்ளதா? சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடத்துக்கு இது கட்டாயம்.
- மனநல மருத்துவர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? மருந்துச் சீட்டின் நகல் குடும்பத்துக்குக் கிடைக்குமா?
- முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்க்கலாமா, போனில் பேசலாமா? 'மூணு மாசத்துக்கு வரவே கூடாது' என்றால் யோசியுங்கள்.
- தங்கும் இடம், கழிவறை, சமையலறையைச் சுற்றிப் பார்க்க விடுகிறார்களா? கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருக்கின்றனவா?
- கட்டிப்போடுவது, தனி அறையில் அடைப்பது உண்டா? எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதைச் சட்டத்தின் பிரிவு 95 தடை செய்கிறது.
- அங்கே செய்யும் வேலைக்குக் காசு யாருக்குப் போகிறது? வேலை பார்த்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். 'சிகிச்சை' என்ற பெயரில் தோட்ட வேலையும் சமையல் வேலையும் சும்மா வாங்கிக்கொள்வது மறுவாழ்வு ஆகாது.
- எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள்? வெளியே போன பிறகு யார் தொடர்ந்து பார்ப்பார்கள்?

கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடம், ஆளை வைத்திருக்கும் இடமாகத்தான் இருக்கும், மீட்கும் இடமாக இருக்காது.

சட்டம் என்ன உரிமை தருகிறது?

2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், குடும்பம் ஏற்கவில்லை, போக வீடில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் காப்பகத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் அரசு மையங்களில் சிகிச்சை இலவசம். வீடற்றவரிடம் அதற்கான அட்டை கேட்கக் கூடாது. மற்ற நோய்களுக்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு கொடுக்க வேண்டும் என்பதும் இதில் உண்டு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. மனநோயும் அதில் ஒன்று. சுயபராமரிப்பு, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நான்கு அம்சங்களைப் பார்த்துப் பாதிப்பின் அளவை மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் அரசு வேலையில் உள்ள 4 சதவீத இடஒதுக்கீட்டுக்குத் தகுதி கிடைக்கும். அந்த நான்கில் 1 சதவீதம், மனநோய், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்ற பிரிவுகளுக்குச் சேர்த்து ஒதுக்கப்பட்டது.

இதற்கு 'யுடிஐடி' என்ற தனித்துவ அடையாள அட்டை வேண்டும். திருப்பூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். "அட்டை வாங்குனா ஊருக்கே தெரிஞ்சிருமே" என்று தயங்கும் குடும்பங்கள் உண்டு. அட்டை இருக்கிறது என்பதை நீங்கள் காட்டினால் ஒழிய யாருக்கும் தெரியாது.

ஒரு கவனிப்பு: 'நிராமயா' காப்பீட்டுத் திட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே. மனநோய் மட்டும் உள்ளவர்களுக்குக் கிடைக்காது. அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்கு: இ.எஸ்.ஐ. மறந்துவிடாதீர்கள்

இது பலருக்குத் தெரியாத தகவல். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு நோய்வாய்ப்பட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதன் பிறகும் குணமாகவில்லை என்றால், குறிப்பிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வரை 'நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பலன்' உண்டு. அந்தப் பட்டியலில் காசநோய், புற்றுநோயோடு சைக்கோசிஸ் எனப்படும் தீவிர மனநோயும் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. மனநோய் வந்தவுடன் வீட்டார் செய்யும் முதல் காரியம், 'கணக்கு முடிச்சுக்கறோம்' என்று கம்பெனியில் இருந்து ஆளை எடுத்துவிடுவது. அப்படிச் செய்தால் இந்தப் பலனும் கையைவிட்டுப் போய்விடும். வேலையை விடும் முன் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

முதலாளிகள் என்ன செய்யலாம்?

20 பேருக்கு மேல் வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது சட்டம். காகிதத்தைத் தாண்டி, செலவில்லாமல் செய்யக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன.

மனநோய் மருந்துகளில் சில, காலையில் தூக்கக் கலக்கத்தைக் கொடுக்கும். இரவு ஷிப்டும் தூக்கம் கெடுவதும் நோயைத் திரும்பக் கொண்டுவரலாம். எனவே ஷிப்டு மாற்றாமல் பகல் வேலை, ஆரம்பத்தில் அரை நாள், கட்டிங் மிஷின் போன்றவற்றுக்குப் பதிலாக செக்கிங், மடிப்பு, பேக்கிங் போன்ற வேலை, மாதம் ஒருநாள் மருத்துவமனைக்குப் போகச் சம்பளம் பிடிக்காத விடுப்பு. அந்த ஒருநாள் கூலி போய்விடும் என்பதற்காகவே மருந்து வாங்கப் போகாமல் விட்டு, மறுபடி நோய் முற்றுவது நடக்கிறது.

வேலை பார்ப்பவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிஷினில் தூக்கம் வருகிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் நேரத்தையோ அளவையோ மருந்தையோ மாற்றிக் கொடுப்பார்.

இன்னும் என்ன குறை?

நீண்டகாலம் நிலைத்து நிற்கும் பெரிய அமைப்புகள் சென்னையிலும் மதுரையிலும்தான் இருக்கின்றன. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்தில் இருந்து ஒருவரை பஸ் ஏற்றி மதுரைக்கு அனுப்பினால், அங்கே தேறி வருவார். ஆனால் வேலை இங்கே இருக்கிறது, வீடு இங்கே இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு கூட நின்று, களத்து முதலாளியிடம் பேச ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆள் போதும் என்று 2014 ஆய்வே காட்டிவிட்டது. கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் அள்ளிக் கொடுக்கும் ஊர் இது. மாவட்ட மனநலக் குழுவோடு சேர்ந்து அப்படி ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு ரோட்டரி சங்கமோ, ஒரு மில்லோ நினைத்தால் முடியும்.

வீட்டில் யாருக்காவது பல நாட்களாகத் தூக்கம் இல்லை, தனியாகப் பேசுகிறார், வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார், சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே பேசுங்கள்.

(டெலி மானஸ்: 14416 அல்லது 1800-891-4416. தமிழ்நாடு அரசு சுகாதார உதவி எண்: 104. சினேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை: 044-24640050. ஆம்புலன்ஸ்: 108)